டிவி கார்டை மாற்றச் சொல்லும் வைத்தியர்கள்

கம்ப்யூட்டரில் டிவி சரியாகத் தெரியவில்லை என்றால் நம்மூரில் உடனே மூன்று தீர்ப்புகள் கிடைக்கும். கம்ப்யூட்டர் கடைக்காரர் "கார்டு போயிருச்சு சார், புதுசு போட்ரலாம்" என்பார். கேபிள்காரர் "எங்க லைன்ல ஒண்ணும் இல்ல, பக்கத்து வீட்ல கண்ணாடி மாதிரி தெரியுது, உங்க சிஸ்டம்தான் சரியில்ல" என்பார். கம்ப்யூட்டர் தெரிந்த சித்தப்பா பையன் "ஃபார்மட் பண்ணிட்டு டிரைவரைத் திரும்பப் போட்டா சரியாயிரும்" என்பான். மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசினாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. ஒருவர்கூட சுவரிலிருந்து வரும் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்!

2000களில் தமிழ்நாட்டில் டிவி ட்யூனர் கார்டு வாங்கியவர்களில் இந்தக் கூத்தில் மாட்டாதவர்கள் குறைவு. டிவியும் கம்ப்யூட்டரும் தனித்தனியாக வாங்க வசதியில்லாத ஹாஸ்டல் அறைகளிலும் சின்ன வீடுகளிலும் அந்த கார்டுதான் டிவி. இன்றைக்கு அந்த அனலாக் கார்டுகள் பரணில் கிடக்கின்றன. ஆனால் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஒயர் இழுத்து, டிவிபி-எஸ்2 கார்டில் மாட்டி, டிவிஹெட்எண்ட், கோடி போன்ற இலவச மென்பொருள்களை வைத்து ஹாலில் ஒரு ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் அமைப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். கார்டு மாறிவிட்டது, மென்பொருள் மாறிவிட்டது. வைத்தியம் மட்டும் மாறவில்லை. படம் வரவில்லையா, பொருளை மாற்று!

கணக்கு இடிக்கிறது என்றால் லெட்ஜரை மாற்றுவார்களா?

காமர்ஸ் படிக்கும் எவனையும் கேட்டுப் பாருங்கள். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் யாரும் கடைக்குப் போய்ப் புது லெட்ஜர் வாங்குவதில்லை. எந்த என்ட்ரி தவறியது என்று ஒவ்வொரு வரியாகத் தேடுவார்கள். டிவி சிக்னலும் ஒரு கணக்குதான். தெருவிலிருந்து இவ்வளவு வரவு, வழியில் இவ்வளவு பிடித்தம், கார்டுக்கு மிச்சம் இவ்வளவு.

சிக்னலின் அளவை டெசிபல் மைக்ரோவோல்ட் என்ற அலகில் சொல்வார்கள். அனலாக் கேபிளில் டிவி பின்னில் 60 முதல் 80 வரை இருந்தால் நல்ல படம். ஒரு வீட்டுச் சுவருக்கு 70 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நாலு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று. சிக்னலை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது 6 டெசிபல் குறைந்தே ஆக வேண்டும், அது கணிதம். நடைமுறையில் 7 போகும். மிச்சம் 63. அங்கிருந்து கம்ப்யூட்டர் அறைக்கு 30 மீட்டர் மெல்லிய ஆர்ஜி-59 ஒயர். உயர் அலைவரிசைகளில் அது 100 மீட்டருக்குச் சுமார் 24 டெசிபல் தின்னும், ஆக 30 மீட்டருக்கு 7 போச்சு. மிச்சம் 56. படுக்கையறை டிவிக்கும் சேர்த்து இன்னொரு இரு வழி ஸ்ப்ளிட்டர், 3.5 அவுட். கார்டுக்கு வந்து சேருவது 53-க்கும் கீழே. இதில் ஜாயிண்ட் போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றிய இடங்களை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்த 53-ஐ வைத்துக்கொண்டு எந்தக் கார்டு போட்டாலும் புள்ளி புள்ளியாகத்தான் வரும். இரண்டாயிரம் ரூபாய் கார்டு போட்டால் இரண்டாயிரம் ரூபாய்க்குப் புள்ளி வரும், அவ்வளவுதான் வித்தியாசம் :-)

இதே வீட்டில் ஹாலில் இருக்கும் டிவிக்கு ஒயர் நீளம் குறைவு, ஸ்ப்ளிட்டரும் ஒன்றுதான். அதனால் அங்கே படம் சுத்தமாகத் தெரியும். உடனே தீர்ப்பு தயார்: "டிவியில நல்லா வருதுல்ல, அப்ப கார்டுதான் மோசம்." இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே சிக்னல் போகவில்லை என்ற சின்ன விஷயம் யாருக்கும் தோன்றுவதில்லை.

படமே வாக்குமூலம் கொடுக்கிறது

இதில் கொடுமை என்னவென்றால், அனலாக் படம் தன் நோயைத் தானே சொல்லிவிடும். கேட்கத்தான் ஆளில்லை.

படம் முழுக்கப் புள்ளி என்றால் சிக்னல் குறைவு. உருவத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்தால் ஒயரில் சிக்னல் மோதித் திரும்புகிறது என்று அர்த்தம். கேபிள், ஸ்ப்ளிட்டர், கார்டு எல்லாமே 75 ஓம் என்ற ஒரே அளவுக்குச் செய்யப்பட்டவை. ஸ்ப்ளிட்டரில் ஒரு வாய் எதிலும் மாட்டாமல் திறந்து கிடந்தால் சிக்னல் அங்கே மோதித் திரும்பும். அதற்கு மருந்து, 75 ஓம் டெர்மினேட்டர் என்ற விரல் நுனி அளவுள்ள மூடி. புது கார்டு கிடையாது.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை. இதற்காகக் கார்டையே திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ! பழைய கார்டுகளில் பலவற்றில் சத்தம் கார்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்ன ஒயர் வழியாக சவுண்டு கார்டின் லைன்-இன் துளைக்குப் போக வேண்டும். அந்த ஒயர் பெட்டிக்குள்ளேயே கவர் பிரிக்காமல் கிடக்கும். அதுவும் மாட்டியாயிற்று, சத்தம் மட்டும் இரைச்சலாக இருக்கிறது என்றால் மென்பொருளில் நாடு தப்பு. இந்தியாவின் பால்-பி/ஜி முறையில் சத்தம் படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். பிரிட்டனின் பால்-ஐ முறையில் 6, அமெரிக்க என்டிஎஸ்சியில் 4.5. நாடு மாற்றிக் கொடுத்தால் கார்டு தப்பான இடத்தில் காது வைத்துக் கேட்கிறது. இரண்டு க்ளிக்கில் தீர வேண்டிய விஷயம்.

எல்லாச் சேனலும் ஒரேயடியாகப் போய்விட்டதா? பின்னைக் கழற்றிப் பாருங்கள். ஒயரின் வெளிப்புற வலைக் கம்பியில் ஒரே ஒரு மயிரிழை உள்ளே மடங்கி நடுக் கம்பியைத் தொட்டால் போதும், மொத்தமும் ஷார்ட். பிளேடும் இரண்டு நிமிட நேரமும்தான் செலவு. ஆனால் நம் வைத்தியர்கள் இதே நோய்க்கு ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து, கூடவே வீட்டுக் கல்யாண போட்டோக்களையும் சேர்த்து அழித்துவிட்டுப் போவார்கள்.

பூஸ்டர் என்னும் மாய மருந்து

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கார்டு மாற்றச் சொல்ல மாட்டார்கள். "பூஸ்டர் போடு" என்பார்கள். பூஸ்டருக்கு எது படம், எது இரைச்சல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளே வருவதையெல்லாம் பெரிதாக்கும், தன் பங்குக்கு கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். 30 மீட்டர் தாண்டி, இரண்டு ஸ்ப்ளிட்டர் தாண்டி, சிக்னல் செத்துப்போன இடத்தில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பூஸ்டரை மாட்டினால் புள்ளிகள்தான் கொழுக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால், ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் போட வேண்டும். அங்கும் அளவு மீறினால் கார்டு திணறி ஒரு சேனலில் இன்னொரு சேனலின் நிழல் ஓடும். குறைவும் நோய்தான், மிகுதியும் நோய்தான்.

எர்த் பின்னை வெட்டுகிறவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். இனி வருவது உயிர் விஷயம்.

படத்தில் அகலமான பட்டை ஒன்று மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருக்கும், ஸ்பீக்கரில் ஒரு உறுமல் கேட்கும். இது 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தின் கைவேலை. கேபிளின் வெளி வலை எங்கோ ஓரிடத்தில் தரையோடு இணைந்திருக்கிறது. கம்ப்யூட்டர் மூன்று பின் ப்ளக் வழியாக இன்னோர் இடத்தில் தரையோடு இணைந்திருக்கிறது. இரண்டு தரைக்கும் மின்னழுத்தம் ஒன்றாக இல்லாததால் அந்த வித்தியாசம் கேபிள் வழியாக ஓடுகிறது. கண்டுபிடிப்பது சுலபம். கேபிளைக் கழற்றியதும் உறுமல் நின்றால் இதுதான். மருந்து, கேபிளில் மாட்டும் ஐசொலேட்டர் என்ற சின்னச் சாதனம்.

நம்மூர் வைத்தியம் என்ன தெரியுமா? ப்ளக்கின் மூன்றாவது பின்னை வெட்டிவிடுவது! உறுமல் நிற்கும், உண்மைதான். கூடவே கம்ப்யூட்டரின் பாதுகாப்பும் போய்விடும். கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் இரண்டு, மின் கம்பிகளுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் சுமார் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்குப் பெட்டியில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் பெட்டியைத் தொட்டால் "சுர்ர்" என்று மட்டும் இருக்கும். "எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் லேசா அடிக்கும்" என்று இதற்கு ஒரு சமாதானம் வேறு. அந்த நிலையில் கேபிளை மாட்டும்போது பாய்கிற மின்சாரம் ட்யூனரை எரிக்கலாம். பவர் சப்ளை உள்ளுக்குள் பழுதாகிவிட்டால், சுர்ரோடு நிற்காது. முழு 230 வோல்ட்டும் பெட்டியில் நிற்கும், தொட்டவரைக் காப்பாற்ற எர்த் இருக்காது.

ஆக, கேபிளைத் தொடும் முன் ப்ளக்கைப் பிடுங்குங்கள். கேபிளின் வெளி வலையிலேயே ஷாக் அடித்தால் தொடாமல் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். இடி இடிக்கும்போது கேபிளைக் கழற்ற ஓடாதீர்கள், மேகம் கறுக்கும்போதே கழற்றி வையுங்கள். எர்த் இல்லாத வீட்டில் முதலில் எலக்ட்ரீஷியன், அப்புறம்தான் டிவி கார்டு.

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

கண்டிஷனல் ஆக்சஸ் முறை 2003 செப்டம்பரில் சென்னையில் வந்தது. பிறகு 2012 முதல் 2017 வரை நான்கு கட்டங்களாக நாடு முழுக்க கேபிளை டிஜிட்டலாக்கக் கெடு விதித்தார்கள். செட்-டாப் பாக்ஸ் வந்தால் படம் சுத்தமாக வரும் என்றார்கள். வந்தது. ஆனால் ட்யூனர் கார்டு வைத்திருந்தவரின் நிலைமை? சேனல்கள் பூட்டப்பட்டதால் கார்டின் ட்யூனர் செத்தது. பாக்ஸின் வீடியோ அவுட்டிலிருந்து மஞ்சள் ஒயர் இழுத்து, கார்டை வெறும் கேப்சர் கருவியாக வைத்துக்கொள்வதுதான் மிச்சம். வீடு மாறினாலோ நிறுவனம் மாறினாலோ பழைய பாக்ஸ் குப்பை. பாக்ஸை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்று ட்ராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. பரிந்துரைக்கவே அவ்வளவு வருடங்கள்!

பழுது பார்க்கும் விஷயத்தில் டிஜிட்டல் இன்னொரு கெடுதலும் செய்தது. அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படம் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகும், எச்சரிக்கை கிடைக்கும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை படம் பளிச்சென்று இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து கறுப்பாகிவிடும். நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று திடீரென்று நின்றால் மனுஷன் எதைச் சந்தேகிப்பான்? பொருளைத்தான். உண்மையில் அந்த ஒயர் ஆறு மாதமாக மழைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கும், எல்லையைத் தாண்டியது மட்டும்தான் நேற்று.

டிஷ் வைத்த ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டரில் அடிக்கடி வரும் புகார், "பாதிச் சேனல் வருது, பாதி வரல." உடனே எல்என்பி மாற்றுவார்கள், பிறகு கார்டு மாற்றுவார்கள். டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் அந்த எல்என்பிக்குக் கார்டுதான் ஒயர் வழியாகக் கரண்ட் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை, 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலை. மலிவான ஒயர்களில் நடுக் கம்பி செம்பு அல்ல, செம்பு பூசிய இரும்பு. சிக்னலுக்கு அது போதும், ஏனென்றால் உயர் அலைவரிசை கம்பியின் மேல்தோலிலேயே ஓடிவிடும். ஆனால் எல்என்பிக்குப் போகும் கரண்டுக்கு அந்த இரும்பு தடை. நீளமான ஒயரில் 18 வோல்ட் வழியிலேயே தேய்ந்து போய் எல்என்பி அதை 13 என்று நினைத்துக்கொள்ளும். கிடைமட்டச் சேனல்கள் அவ்வளவும் காணாமல் போகும். சில கார்டுகளில் இந்தக் கரண்டுக்காகவே பவர் சப்ளையிலிருந்து தனியாக ஒரு ஒயர் மாட்ட வேண்டும், அதை மாட்ட மறந்தால் டிஷ்ஷே இல்லாத மாதிரி கிடக்கும்.

இன்னொன்று. பழைய கேபிள் ஸ்ப்ளிட்டரையே டிஷ்ஷுக்கும் போடுவார்கள். பழைய ஸ்ப்ளிட்டர் 900 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமானது. டிஷ்ஷிலிருந்து வருவது 950 முதல் 2150 வரை. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மாடிப்படி கழுவுகிற கதை.

இத்தனைக்கும் கம்ப்யூட்டர்தான் வீட்டிலேயே உண்மை பேசும் பெட்டி. பல செட்-டாப் பாக்ஸ்கள் "சிக்னல் இல்லை" என்று ஒற்றை வரியில் கதவைச் சாத்திவிடும். டிவிஹெட்எண்ட் சிக்னல் எவ்வளவு, அதில் இரைச்சலின் விகிதம் எவ்வளவு, எத்தனை பிழைகள் திருத்த முடியாமல் போயின என்று எண்ணோடு காட்டும் (இந்த விவரங்களைக் கார்டின் டிரைவர் தர வேண்டும், அவ்வளவுதான்). ஒயரை அசைத்துக்கொண்டே அந்த எண்களைப் பார்த்தால் ஜாயிண்ட் எங்கே லூஸ் என்று பிடித்துவிடலாம். வாங்கியவரிடம் இதை யாராவது சொல்லித் தந்தார்களா?

யாருக்கு என்ன லாபம்?

ஏன் இப்படி? கடைக்காரர்கள் எல்லோரும் திருடர்களா? அப்படிச் சொன்னால் பொய். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

கடைக்காரருக்கு கார்டு விற்றால் லாபம். ஒயரை மடக்கிச் சரிசெய்தால் "இதுக்கெல்லாமா காசு" என்பார்கள். கேபிள்காரரின் பொறுப்பு வீட்டு வாசலோடு முடிகிறது. சுவருக்கு உள்ளே போன ஒயர் அவருடையது இல்லை. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவருக்குப் பெட்டிக்கு வெளியே எதுவும் தெரியாது. வாசலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்த 30 மீட்டருக்கு யாருமே சொந்தக்காரர் இல்லை. நோய் அங்கேதான் குடியிருக்கிறது.

வாடிக்கையாளரும் லேசுப்பட்டவர் இல்லை. "வந்து பார்த்து, என்ன கோளாறுன்னு சொல்ல 200 ரூபாய்" என்று ஒரு மெக்கானிக் கேட்டால் அரை மணி நேரம் பேரம் பேசுவார். அதே ஆள் "கார்டு மாத்தணும் சார், 2000" என்றால் பர்ஸைத் திறந்துவிடுவார். ஏனென்றால் கார்டு கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருள். அறிவுக்குக் கொடுத்த காசுக்கு டப்பா கிடையாது, வாரன்டி கார்டு கிடையாது. கண்டுபிடிப்பதற்குக் கூலி தராத ஊரில், நேர்மையான மெக்கானிக் எப்படிப் பிழைப்பார்? அவரும் நாளடைவில் கார்டு விற்கப் போய்விடுகிறார்.

"இதெல்லாம் சாதாரண மக்களுக்கு எதுக்கு? எல்லாரும் எஞ்சினியரா?" என்று கேட்பார்கள். இதற்கு எஞ்சினியர் படிப்பு வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை போதும். கேபிள் என்றால் சுவரிலிருந்து வரும் ஒயரை நேராக டிவியில் அல்லது பாக்ஸில் மாட்டு. டிஷ் என்றால் வேறு ரிசீவரில் மாட்டு. அங்கேயும் வரவில்லையா, தவறு வெளியே. வருகிறதா, ஸ்ப்ளிட்டரை விலக்கிவிட்டு கம்ப்யூட்டரில் மாட்டு. இப்போது வந்தால் ஸ்ப்ளிட்டர். வரவில்லையென்றால் நன்றாக இருக்கும் இன்னொரு சின்ன ஒயரால் மாட்டு. வந்தால் பழைய ஒயர். இதெல்லாம் முடிந்து, மென்பொருளில் நாடும் மூலமும் சரியா என்றும் பார்த்த பிறகு, மிச்சமிருப்பது கார்டு. அப்போது கார்டை மாற்றுங்கள், தாராளமாக. கார்டுகளும் சாகத்தான் செய்கின்றன. ஆனால் வரிசையில் அது கடைசி ஆள். நம்மூரில் கடைசி ஆளைத்தான் முதலில் தூக்கில் போடுகிறார்கள்.

"இப்பதான் எல்லாம் நெட்ல வருதே, ஒயரைப் பத்தி யாருக்குக் கவலை?" என்பது அடுத்த கேள்வி. நெட் மட்டும் என்ன, ஆகாயத்திலிருந்தா குதிக்கிறது? வீடியோ நின்று நின்று வந்தால் "ரவுட்டர் மாத்துங்க" என்பார் ஒருவர், "பெரிய ப்ளான் போடுங்க" என்பார் இன்னொருவர். கதவிடுக்கில் நசுங்கிய ஒயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதே மூன்று தீர்ப்பு, அதே வைத்தியர்கள், பெட்டி மட்டும் வேறு.

அடுத்த முறை யாராவது வந்து, ஒயரைத் தொடாமலே "கார்டு போயிருச்சு" என்று சொன்னால், "எதை வெச்சு சொல்றீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவராக இருந்தால், அவர் கேட்கும் 200 ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுத்து அனுப்புங்கள்.

பி.கு: பரணில் கிடக்கும் பழைய கார்டைக் குப்பையில் போடும் முன் யோசியுங்கள். வீடியோ கேசட்டில் மாட்டிக்கொண்டிருக்கும் கல்யாணத்தையும் காதுகுத்தையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர அதன் மஞ்சள் துளை இன்னும் உதவும். மாட்டும் ஒயர் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் :-)